சின்ன துப்பாக்கின்னா சின்ன பாவமா?

போன தை மாசம் உத்திரமேரூர்ல ஒரு கல்யாணம். சொந்தத்துல தான். பந்தியில பாயசம் வர்ற நேரம் பாத்து, பக்கத்து இலையில இருந்த மாமா ஒருத்தர் காதுகிட்ட வந்து கேட்டார்.

"மாப்ள, நீ துப்பாக்கி பத்தியெல்லாம் படிப்பியாமே? நம்ம வீட்ல அப்பா வச்சிருந்த நாலுபத்து ஒன்னு கெடக்கு. லைசென்சு இப்ப என் பேருக்கு வந்துடுச்சு. அதுக்கு எந்த நம்பர் தோட்டா வாங்கினா சரியா இருக்கும்?"

"எதுக்கு மாமா?"

"எதுக்குன்னா... மல்லாட்டைக் கொல்லையில ராவுல பன்னி பூந்து உழுதுட்டுப் போவுது. அப்புறம் ஏரியில தண்ணி நிக்கறப்ப கிளுவை, தாரா எல்லாம் எறங்குதில்ல, அப்பா காலத்துல அடிப்பாங்களே. பெரிய துப்பாக்கி எல்லாம் வேணாம்ப்பா, பாவம். இது சின்னது தானே."

கடைசி வரியை கவனிச்சீங்களா மக்களே? "இது சின்னது தானே." இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வரிக்கு பதில் தான். மாமாவுக்கு பந்தியில நான் சொன்னது "பாக்கறேன் மாமா". கோழைத்தனம். அதுக்கு பிராயச்சித்தமா இங்க முழுசா சொல்லிடறேன்.

இந்த "சின்னது தானே"வை மாமா மட்டும் சொல்லலை. தாத்தா காலத்து வேட்டைக் கதைகளை நாம எல்லாரும் ரசிச்சு ரசிச்சு எழுதியிருக்கோம். நானும் எழுதியிருக்கேன். அதுல எல்லாத்துலயும் இது ஒளிஞ்சிருக்கும். பன்னண்டு போர் வச்சிருந்தவன் வேட்டைக்காரன், நாலுபத்து வச்சிருந்தவர் ஏதோ சாந்தமான பெரியவர், பொழுதுபோக்குக்கு ரெண்டு கௌதாரி அடிச்சவர், அப்படிங்கற மாதிரி ஒரு தொனி. அந்தத் தொனி பொய். எப்படின்னு கணக்கு போட்டுக் காட்டறேன்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை

துப்பாக்கி தெரியாதவங்களுக்காக. பன்னண்டு போர்னா என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா, அதுல ஒரு உருண்டை எந்தக் குழாய்ல சரியா உக்காருமோ அது பன்னண்டு போர். சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையா உருட்டினா இருபது போர், 15.6 மில்லிமீட்டர். அதாவது நம்பர் ஏற ஏற குழாய் சிறுக்கும். ஆனா நாலுபத்து மட்டும் இந்தக் கணக்குல வராது. அது குழாயோட விட்டம், 0.410 அங்குலம், 10.4 மில்லிமீட்டர். போர் கணக்குல சொல்லணும்னா கிட்டத்தட்ட 67 போர். கடையில கிடைக்கற ரவைத் துப்பாக்கிகள்ல ரொம்ப ஒல்லி இது தான்.

இன்னொரு சமாச்சாரம். நம்ம நாட்டுல நாலுபத்துன்னு ரெண்டு சாமான் உண்டு. ஒன்னு வழக்கமான ஒத்தைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. இன்னொன்னு வெள்ளைக்காரன் காலத்துல ஈஷாப்பூர் தொழிற்சாலையில லீ-என்ஃபீல்ட் ரைபிளை மாத்தி, போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும்னு செஞ்ச மஸ்கட். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா தான் போட முடியும். அதுக்கான தோட்டா, .303 ரைபிள் தோட்டாவோட கூட்டை கழுத்து ஒடுக்காம விட்டு செஞ்சது. பேரு ஒன்னு, தோட்டா வேற. ஒன்னை இன்னொன்னுல திணிச்சுப் பாக்கக் கூடாது. எந்த நம்பர் ரவைன்னு கேக்கறதுக்கு முந்தி, கையில இருக்கறது எந்த நாலுபத்துன்னு தெரிஞ்சுக்கணும்.

மூணாவது, தோட்டாவோட நீளம். வழக்கமான நாலுபத்துல ரெண்டரை அங்குலம், மூணு அங்குலம்னு ரெண்டு நீளம் புழக்கத்துல இருக்கு. இது சுட்டதுக்கு அப்புறம் வாய் விரிஞ்ச கூட்டோட நீளம், சுடறதுக்கு முந்தி இருக்கற நீளம் இல்லை. அதனால மூணு அங்குலத் தோட்டா, ரெண்டரை அங்குலத் துப்பாக்கியில ஜம்முனு உள்ள போய் உக்காந்துடும். "அட, போவுதே"ன்னு சுட்டா, வாய் விரிய இடம் இல்லாம குழாய்க்குள்ள அழுத்தம் எகிறும். முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்துல. பழைய துப்பாக்கியில குழாயோட அடிப்பக்கம் எந்த நீளத் தோட்டாவுக்குன்னு பொறிச்சிருப்பாங்க. பொறிப்பு தேஞ்சு போயிருந்தா துப்பாக்கி ரிப்பேர் பாக்கற ஆள்கிட்ட காட்டி அளக்கணும். செவுத்துல ஆணியில தொங்குற தாத்தா துப்பாக்கி வீட்ல இருக்கறவங்க, பதிவுல வேற எதையும் படிக்காட்டியும் இந்தப் பத்தியை மட்டும் படிச்சுடுங்க.

இப்ப பாவக் கணக்கு

பன்னண்டு போர்ல சாதாரணமா ஒரு தோட்டாவுக்கு 32 கிராம் ஈயம். ஆறாம் நம்பர் ரவைன்னா, பிரிட்டிஷ் கணக்குல ஒரு அவுன்சுக்கு 270 ரவை. ஆக சுமார் 300 ரவை பறக்கும். நாலுபத்துல ரெண்டரை அங்குலத் தோட்டாவுக்கு அரை அவுன்சு, 14 கிராம். அதே ஆறாம் நம்பர்னா 135 ரவை. பாதிக்கும் கம்மி.

"அதான்யா நானும் சொல்றேன், பாதி தான்"னு மாமா சந்தோஷப்படுவார். இருங்க மாமா.

ரவையோட வேகம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒன்னு தான். ஒவ்வொரு ரவையோட எடையும் ஒன்னு தான். அப்படின்னா உடம்புல படுற ஒவ்வொரு ரவையும் ஒரே மாதிரி தான் துளைக்கும். சின்ன துப்பாக்கின்னு மெல்லமா குத்தாது. மாறுறது எண்ணிக்கை மட்டும் தான்.

ரவைத் துப்பாக்கி ஒரு பறவையை உடனே கொல்றது எப்படி? ஒரே நேரத்துல நாலஞ்சு ரவையாவது உடம்புல இறங்கி, அதுல ஒன்னு ரெண்டு மூளையிலயோ இதயத்துலயோ சிறகு எலும்புலயோ படணும். அதுக்கு ரவை நெருக்கமா போகணும். 300 ரவை தூரத்துல விரிஞ்சாலும் இடைவெளி கம்மி. 135 ரவை விரிஞ்சா நடுவுல ஒரு கௌதாரியே நுழைஞ்சு போற அளவுக்கு ஓட்டை விழும். இதுல இன்னொரு கோளாறு. ஒல்லிக் குழாய்ல ரவை நீளமா ஒரு கம்பி மாதிரி அடுக்கி இருக்கும். கிளம்பற வேகத்துல அடியில இருக்கற ரவையும், குழாய் சுவத்துல உரசற ரவையும் நசுங்கிடும். நசுங்கின ரவை நேரா போகாது. ஆக, பன்னண்டு போர் 40 கஜம் வரைக்கும் செய்யற வேலையை நாலுபத்து 25 கஜத்துக்குள்ள தான் செய்யும். அதுக்கு அப்பால அடிச்சா சாகாது. காயம் படும்.

காயம் பட்ட பறவை என்ன ஆகும்னு கதை எழுதற நாம யாரும் எழுதறதில்ல. நான் எழுதறேன். 1980-கள்ல நான் அரை டவுசர் போட்ட காலத்துல, எங்க தாத்தா பின்னாடி பை தூக்கிட்டுப் போவேன். ஏரிக்கரைக்கு உள்பக்கம் கருவேலங்காட்டுல கௌதாரிக்குப் போவார். அடிச்சதை ஓடிப்போய் எடுக்கறது என் வேலை. ஒரு நாள் ஒன்னு விழுந்து, திரும்ப எழுந்து, தத்தித் தத்தி முள்ளுக்குள்ள பூந்துடுச்சு. ரொம்ப நேரம் தேடினேன். கிடைக்கலை. "விடுறா, பொழச்சுப் போவட்டும்"னார் தாத்தா. மறுநாள் மாடு ஓட்டிட்டுப் போறப்ப பாத்தேன். கரையோரமா கெடந்தது. கண்ணுல எறும்பு. உயிர் இருந்தது.

தாத்தா நல்ல மனுஷன். அவர் சொன்ன "பொழச்சுப் போவட்டும்" தான் நாலுபத்தோட மொத்த தத்துவமும். பொழைக்காது. நம்ம கண்ணுல படாம சாகும், அவ்வளவு தான். சின்ன துப்பாக்கியில சின்னதா இருக்கறது சுடறவனோட தோள்ல விழுற உதை மட்டும் தான். சுடப்படுறதுக்கு எதுவும் சின்னது இல்லை.

அப்ப எந்தத் தோட்டா தான் வாங்கறது?

மாமா சொன்ன ரெண்டு வேலையையும் தனித்தனியா எடுத்துப் பாப்போம்.

ஒன்னு, கிளுவை, தாரா, கௌதாரி, முயல். தோட்டா நம்பர் சொல்றதா இருந்தா ஆறு இல்லேன்னா ஏழு, தூரம் 25 கஜத்துக்குள்ள. வெளிநாட்டு வேட்டைக்காரன் கேட்டா இது தான் பதில். நம்ம ஊர்ல? 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல ஆரம்பத்துல வேட்டைக்கு லைசென்சு கொடுக்க இடம் இருந்துச்சு. 1991 திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க. 2022 திருத்தத்துல அட்டவணைகளை எல்லாம் மாத்தி அடுக்கினாங்க, ஆனா இந்தக் கதவைத் திறக்கலை. துப்பாக்கி லைசென்சு வேற, வேட்டை அனுமதி வேற. முதலாவது உங்ககிட்ட இருக்கு. ரெண்டாவது நாட்டுல யார்கிட்டயும் இல்லை. ஆக சரியான நம்பர்: பூஜ்யம்.

ரெண்டு, பன்னி. இதுல எனக்கு மாமா மேல கோபம் இல்லை, பரிதாபம் தான். ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினா காலையில கால் காணி மல்லாட்டை காலி. கடன் வாங்கி வெதைச்சவனுக்கு அது வயித்துல அடி. ஆனா நாலுபத்து அதுக்கு பதிலா? நல்லா வளந்த ஆண் பன்னிக்கு தோள்பட்டையில தோலுக்கு அடியில கவசம் மாதிரி கெட்டியான ஒரு திசு உண்டு. எடை நூறு கிலோவைத் தொடும். அதுக்கு முன்னாடி 135 சின்ன ரவை கொசுக்கடி. பெரிய ரவை போட்டா நாலுபத்துத் தோட்டாக்குள்ள மூணோ நாலோ தான் அடங்கும். ஒத்தை குண்டு போட்டா அதோட எடை சுமார் 6 கிராம். ராத்திரியில, டார்ச் வெளிச்சத்துல, பயத்துல சுட்டு, 6 கிராம் குண்டால நூறு கிலோ மிருகத்தை ஒரே அடியில சாய்க்கப் போறீங்களா? காயம் பட்ட பன்னி கரும்புக்குள்ள பூந்துக்கும். மறுநாள் காலையில அங்க களை எடுக்கப் போறது உங்க வீட்டு ஆளுங்க இல்ல மாமா, கூலிக்கு வர்ற பொம்பளைங்க.

சட்டமும் இதையே சொல்லுது. 1959 ஆயுதச் சட்டத்துல, பயிர்ப் பாதுகாப்புக்குன்னு பேர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கறது வாய்வழியா மருந்து கெட்டிக்கற துப்பாக்கியை. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் வச்ச வழவழப்புக் குழாய்த் துப்பாக்கியை பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும்னு சொல்லுது. ரெண்டுல எதுவுமே பன்னியைக் கொல்ற அனுமதி இல்லை. காட்டுப்பன்னி இன்னிக்கும் பாதுகாக்கப்பட்ட மிருகம் தான்.

"கேரளாவுல சுடறானே?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். சுடறாங்க. 2022-ல அங்க உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி கொடுக்கற அதிகாரத்தைக் கொடுத்தாங்க, லைசென்சு துப்பாக்கி வச்சிருக்கறவங்களை வச்சு சுட. இங்க 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு வேற வழி எடுத்துச்சு. காப்புக்காட்டுலேருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. ஒன்னுலேருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சு காட்டுல விடணும். மூணுக்கு மேல போனா பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுங்க சுடலாம். இதுல குறை இருக்கு. மனு போட்டு, குழு பாத்து, ஆள் வர்றதுக்குள்ள மல்லாட்டை போயிடும். அதுக்காகச் சண்டை போடுங்க, நானும் கூட வர்றேன். ஆனா "ஆள் வர லேட்டாவுது, அதனால எங்கப்பாவோட நாலுபத்தை எடுக்கறேன்"ங்கறது பல்லு வலிக்கு சுத்தியல் எடுக்கற கதை.

அப்ப பன்னிக்கும் சரியான நம்பர் பூஜ்யம். ரெண்டு பூஜ்யத்தைக் கூட்டினா என்ன வரும்னு சொல்ல கணக்கு வாத்தியார் வேணாம் :-)

சாகாம மிச்சம் இருக்கறது

சரி, ஒரு வாதத்துக்கு யாரும் பிடிக்க மாட்டாங்கன்னே வச்சுக்குவோம். ஏரியில சுட்டாச்சு. பறவை விழுந்துச்சு, இல்ல பறந்துச்சு. 135-ல அஞ்சு ரவை பறவைக்கு. மீதி 130?

சேத்துல.

இதைப் பத்தி நம்ம பக்கம் யாரும் பேசறதே இல்லை. ஈயம் மக்காது, கரைஞ்சு காணாமப் போகாது, பல வருஷம் அப்படியே சேத்துல கெடக்கும். வாத்துக்கும் தாராவுக்கும் பல் கிடையாது. சின்னச் சின்னக் கல்லைப் பொறுக்கி முழுங்கி, அரைவைப் பையில வச்சு தான் விதையை அரைக்கும். அதுக்கு ஈய ரவைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ள போன ரவை அரைபடும், வயித்து அமிலத்துல கரையும், ரத்தத்துல கலக்கும். சிறகு தொங்கிப் போய், தின்ன முடியாம, மெலிஞ்சு சாகும். ஒரு வாத்தைக் கொல்ல நூத்துக்கணக்குல ரவை வேணாம், ஒரு சிலது போதும். சீசனுக்கு நூறு நாலுபத்துத் தோட்டா சுட்டா, ஏரிக்குள்ள போறது ஒன்னேகால் கிலோவுக்கு மேல ஈயம். 13,000 ரவை. "சின்ன" துப்பாக்கி!

செத்ததைத் தின்ன வர்ற பருந்துக்கும் இதே கதி. அடிச்சதை எடுத்துட்டுப் போய் கொழம்பு வச்சா, கறிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்கு இருக்கும். குழந்தைங்களுக்கு ஈயத்துல பாதுகாப்பான அளவுன்னு ஒன்னு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெட்ரோல்லேருந்து ஈயத்தை எடுத்தாச்சு, பெயின்ட்ல கட்டுப்படுத்தியாச்சு, காடைக் கறியில மட்டும் பிள்ளைக்கு ஊட்டிவிடறோம்.

வேட்டையை ஒரு மதம் மாதிரி வச்சிருக்கற நாடுகளே இதுல இறங்கி வந்துடுச்சு. அமெரிக்காவுல 1991-லேருந்து நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுக்கத் தடை. டென்மார்க் 1996-ல ஈய ரவையையே ஒழிச்சுது. இங்கிலாந்துல 1999-லேருந்து வாத்து வேட்டைக்குத் தடை. ஐரோப்பிய ஒன்றியத்துல 2023 பிப்ரவரியிலேருந்து சதுப்பு நிலம், ஏரி, குளம் பக்கம் ஈய ரவை கூடாது. இவங்க யாரும் அகிம்சாவாதி இல்லை. ஏரியைக் கெடுத்தா அடுத்த வருஷம் சுட வாத்து வராதுன்னு கணக்கு போட்டவங்க.

"அப்ப இரும்பு ரவை போடறேன்"னு ஒருத்தர் சொல்லலாம். ஈயத்தோட அடர்த்தி 11.3, இரும்போடது 7.8. லேசா இருக்கறதால வேகம் சீக்கிரம் இறங்கும். ஈடுகட்ட ரெண்டு நம்பர் பெரிய ரவையா போடணும். பெரிய ரவைன்னா எண்ணிக்கை இன்னும் கம்மி. ஏற்கனவே எண்ணிக்கை இல்லாத நாலுபத்துல இது சுத்தமா ஒத்து வராது. பழைய துப்பாக்கிக் குழாய்க்கும் இரும்பு ரவை நல்லதில்லை. டங்ஸ்டன் ரவைன்னு ஒன்னு இருக்கு. ஈயத்தை விட ரொம்ப அடர்த்தி. அமெரிக்காவுல அதை வச்சு நாலுபத்துல வான்கோழி அடிக்கறாங்க, நல்லாவே வேலை செய்யுது. இதை நேர்மையா சொல்லிடணும். ஆனா அந்த ஒரு தோட்டா விலையில நம்ம ஊர்ல ஒரு ஆளோட ஒரு நாள் கூலி போயிடும். பன்னி தின்ற மல்லாட்டையே பரவாயில்லைன்னு ஆயிடும்.

படுக்கை அங்க, சமையல்கட்டு இங்க

"எங்க ஏரி என்ன சரணாலயமா? வேடந்தாங்கல் அங்க இருக்கு, மதுராந்தகம் பக்கம். 2019-ல ஜில்லாவே பிரிஞ்சு அது செங்கல்பட்டுக்குப் போயாச்சு." இதுவும் கேட்டிருக்கேன்.

வேடந்தாங்கல் ஏரி சின்னது, சுமார் 30 ஹெக்டேர். அந்த ஆயிரக்கணக்கான நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் அங்க கூடு கட்டுது, தூங்குது. எல்லாத்துக்கும் சாப்பாடு அந்த ஒரே ஏரியில கிடைக்குமா? காலையில கிளம்பி சுத்துவட்டார ஏரி, வயக்காடு எல்லாம் மேயும், குஞ்சுக்கு எடுத்துட்டுப் போகும். அந்த சுத்துவட்டாரம் தான் நாம. அங்க படுக்கை, இங்க சமையல்கட்டு. சமையல்கட்டுல விஷத்தை வச்சுட்டு படுக்கையறைக்கு காவல் போட்டா என்ன பிரயோஜனம்? 2022-ல வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் பட்டியல்ல சேந்ததுக்கு நாம எல்லாரும் தான் பெருமைப்பட்டு பதிவு போட்டோம்.

வேடந்தாங்கலுக்கு பாதுகாப்பு வந்த கதையே துப்பாக்கிச் சத்தத்துல தான் ஆரம்பிக்குது. கம்பெனிக்காரன் காலத்துல சிப்பாய்ங்க பொழுதுபோகாம பறவையைச் சுட்டாங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்ட போய் நின்னாங்க. 1790-கள்ல அப்ப கலெக்டரா இருந்த லயோனல் ப்ளேஸ் இங்க சுடக் கூடாதுன்னு உத்தரவு கொடுத்தார். 1858-ல அதைப் புதுப்பிச்சாங்க. ஊர்க்காரங்களுக்கு வெறும் பறவைப் பாசம் மட்டும் இல்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணி பாய்ஞ்சா நெல்லு நல்லா வெளையும்னு தெரிஞ்சு வச்சிருந்தாங்க. விவசாயி, தன் விவசாயத்துக்காக, துப்பாக்கிக்கு எதிரா நின்ன கதை அது. இன்னிக்கு அதே விவசாயம் பேரைச் சொல்லி துப்பாக்கியை எடுக்கறோம். சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில பறவைக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்கறதில்லை. நாம வெடியை விடுங்க, தோட்டாவுக்கு நம்பர் கேட்டுட்டு இருக்கோம்.

கடைசியா ஒரு சங்கடமான விஷயம்

இந்தப் பேச்சை எடுத்தா பெரிய மனுஷங்க உடனே கை காட்டறது நரிக்குறவர் பக்கம். "அவங்க தான்யா நாட்டுத் துப்பாக்கி வச்சுக்கிட்டு கொக்கு, காடை எல்லாத்தையும் காலி பண்றாங்க." அவங்க சுடறதே இல்லைன்னு நான் சொல்லலை. அவங்க துப்பாக்கிலயும் போறது ரவை தான், அதுவும் ஏரிக்குத் தான் போகும். ஆனா ஒன்னு. மாட்டினா கேஸ் யார் மேல பாயுது? ஊசி பாசி வித்துட்டு பஸ் ஸ்டாண்டுல படுக்கறவங்க மேல. நம்ம வீட்டு செவுத்துல தொங்குற நாலுபத்து "பரம்பரைச் சொத்து". எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைச்சுட்டு, திரும்ப வாங்கிட்டு வந்து துடைச்சு மாட்டறோம். பழங்குடிப் பட்டியல்ல அவங்களைச் சேக்கற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேறவே 2022 டிசம்பர் ஆச்சு. படிப்பும் வேலையும் கொடுக்காம, வேட்டையை மட்டும் விடுன்னு அவங்ககிட்ட சொல்ற யோக்கியதை நமக்கு எப்ப வரும்? மூணு வேளை சோறு இருக்கற நாம முதல்ல விட்டதுக்கு அப்புறம்.

நான் கேக்கறது

பெருசா ஒன்னும் இல்லை.

1. வேட்டைக் கதை எழுதறவங்க தாராளமா எழுதுங்க. ஆனா முள்ளுக்குள்ள பூந்த கௌதாரியையும் சேத்து எழுதுங்க. அது இல்லாத வேட்டைக் கதை பாதிக் கதை.

2. ஏரி, குளத்துப் பக்கம் ஈய ரவைக்கு நம்ம நாட்டுலயும் தடை வேணும். வேட்டையே தடைங்கறப்ப இது எதுக்குன்னு கேக்காதீங்க. காவலுக்கு, பன்னி விரட்ட, சும்மா பயமுறுத்தன்னு சுடற ஒவ்வொரு ரவையும் சேத்துக்குத் தான் போகுது. வலசை வர்ற உயிரினங்களுக்கான உலக மாநாட்டை 2020-ல காந்திநகர்ல நாம தான் நடத்தினோம். விருந்து வச்சவன் வீட்லயே விஷம் இருக்கக் கூடாது.

3. பன்னிக்கு வனத்துறை வரணும், சீக்கிரம் வரணும், நஷ்டஈடு அறுவடைக்குள்ள வரணும். கிராம சபையில இதைத் தீர்மானமா போடலாம். கிராம சபைன்னா நம்ம ஊருக்குச் சொல்லியா கொடுக்கணும்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டி வச்சிருக்கான். குடவோலை போட்டு ஆள் எடுத்ததை மட்டும் எல்லாரும் மேடையில பேசறோம். எடுத்தது எதுக்கு? அதுல ஒன்னு ஏரி வாரியம். ஏரியைப் பாத்துக்க ஆறு பேர், ஒவ்வொரு வருஷமும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தி ஏரிக்குன்னு தனியா கமிட்டி வச்ச ஊர்ல, இன்னிக்கு ஏரிக்குள்ள என்ன விழுதுன்னு கேக்க ஒரு ஆள் இல்லை.

மாமாவுக்கு அப்புறமா ஃபோன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். முழுசா கேட்டார். "அப்ப இந்தத் துப்பாக்கியை என்னதான்டா பண்ணச் சொல்ற? அப்பா ஞாபகமா இருக்கறது அது ஒன்னு தான்"னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. தோட்டா வாங்காம, துடைச்சு மாட்டி வைங்க மாமான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பன்னிக்கு மனு எழுதணும்னா எப்படி எழுதறது, நீயே எழுதிக் கொடுத்துடு"ன்னார்.

எழுதிக் கொடுத்திருக்கேன். ஆள் வந்தாங்களான்னு மல்லாட்டை பிடுங்கற சமயத்துல சொல்றேன்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது "அப்ப இருபது போர்னா ஓகேவா பாஸ்?"னு கேட்டீங்கன்னா, முதல் வரியிலேருந்து திரும்பப் படிக்கவும். :-)